பறிபோன அக்கா பதவி

சூப் கிண்ணங்களை அடுக்கிய தள்ளுவண்டி சாப்பாட்டு அறையின் திருப்பத்தில் கொஞ்சம் வேகமாக வந்தால் போதும், பிரேக்கம்மாவின் வலது கால் மேசைக்கடியில் தரையை ஓங்கி மிதிக்கும். வண்டி நிற்காது. அதனால் என்ன, கால் தன் கடமையைச் செய்துவிட்டது. எதிரே உட்கார்ந்திருக்கும் ஓய்வுபெற்ற பல் டாக்டர் தன் கால்களை அவசரமாக நாற்காலிக்கடியில் இழுத்துக்கொள்வார். ஒருமுறை மிதி வாங்கியவர்.

பிரேக்கம்மாவுக்கு முப்பது வருஷம் டிரைவிங் ஸ்கூலில் உத்தியோகம். கற்றுக்கொடுக்கிறவர் உட்காரும் பக்கத்து இருக்கையில் தனியாக ஒரு பிரேக் இருக்கும். ஸ்டீயரிங் யார் கையில் வேண்டுமானாலும் இருக்கட்டும், வண்டி நிற்பதும் போவதும் இவர் காலில். "பயப்படாதீங்க, பிரேக் என்கிட்ட இருக்கு." முதல் பாடத்தின் முதல் வாக்கியம் இதுதான். வியர்த்துப்போன கைகளால் ஸ்டீயரிங்கைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருந்த எத்தனையோ பேர் அந்த வாக்கியத்தை நம்பி முதல் கியரைப் போட்டார்கள். அவர்கள் வைத்த பெயர்தான் பிரேக்கம்மா. ஓய்வுபெற்றதும் வண்டி போய்விட்டது, பிரேக் மட்டும் கூடவே வந்துவிட்டது. தொலைக்காட்சித் தொடரில் மருமகள் எதிர்த்துப் பேச வாயெடுத்தால் ஒரு மிதி. மகன் போனில், "அம்மா, ஒண்ணு சொல்றேன், கோவிச்சுக்காத," என்று ஆரம்பித்தால் இரண்டு மிதி.

அந்த மகன்தான் அவரைக் கொண்டுவந்து இங்கே சேர்த்தான். இது முதியவர்களுக்கான இல்லம். இரண்டு கட்டடங்கள். முன் கட்டடத்தின் பலகையில் 'உதவிப் பிரிவு' என்றும் பின் கட்டடத்தின் பலகையில் 'நினைவுப் பிரிவு' என்றும் எழுதியிருக்கும். பேச்சில் முன்பக்கம், பின்பக்கம். இடுப்பும் முழங்காலும் சொன்ன பேச்சைக் கேட்காதவர்களுக்கு முன்பக்கம். எதற்காக இந்த அறைக்கு வந்தோம் என்பது வந்த பிறகும் தெரியாதவர்களுக்குப் பின்பக்கம். நினைவு இல்லாதவர்கள் இருக்கிற இடத்துக்கு நினைவுப் பிரிவு என்று பெயர் வைத்த மேதாவி யார் என்று பிரேக்கம்மா வந்த நாளிலிருந்து விசாரித்துக்கொண்டிருக்கிறார். ஆள் அகப்பட்டால் பலகையைத் திருத்தச் சொல்ல வேண்டும்.

பிரேக்கம்மா முன்பக்கம். தங்கை சின்னவள் பின்பக்கம். அத்தனை வம்பும் இங்கிருந்துதான் ஆரம்பம்.

வந்தபோது இருவரும் முன்பக்கத்தில் ஒரே அறையில்தான் இருந்தார்கள். இவருக்கு உடைந்த இடுப்பு, அவளுக்கு உதிர்கிற ஞாபகம். இரண்டையும் சேர்த்து ஒரு முழு ஆளாகக் கணக்குப் பார்த்து இல்லத்தார் ஒப்புக்கொண்டார்கள். ஒருநாள் காலை காய்கறி இறக்க வந்த வேனில், டிரைவருக்குப் பக்கத்து இருக்கையில், சின்னவள் ஏறி உட்கார்ந்துவிட்டாள். அவளும் டிரைவிங் ஸ்கூலில் கற்றுக்கொடுத்தவள்தான். "கண்ணாடியைப் பாருங்க. கிளட்ச்சை முழுசா அமுக்குங்க. மெதுவா, மெதுவா," என்று அவள் சொன்ன தோரணையில் டிரைவர் மறுபேச்சில்லாமல் வண்டியை எடுத்துவிட்டான். யாரோ பெரிய அதிகாரி சோதனைக்கு வந்திருக்கிறார் என்று நினைத்தானாம். சந்தை வரை போய்த் திரும்பினார்கள். வழியில் அவன் கியர் மாற்றும் பழக்கத்தைச் சின்னவள் திருத்திவிட்டாள் என்பதும், வண்டி இப்போது டீசல் குறைவாகக் குடிக்கிறது என்பதும் பிறகு தெரிந்தது. ஆனாலும் இல்லத்தாருக்கு உயிர் போய் உயிர் வந்தது. அந்த வாரமே சின்னவளைப் பின்பக்கத்துக்கு மாற்றிவிட்டார்கள்.

பிரிவு என்பதால் பிரேக்கம்மா அழுதார் என்று நினைத்துவிடக் கூடாது. முதல்நாள் போய்ப் பார்த்துவிட்டு வந்து அவர் பொறுப்பாளரிடம் கேட்ட கேள்வி இது:

"அவளுக்கு மட்டும் சிவப்புத் தட்டு. எனக்கு ஏன் வெள்ளைத் தட்டு?"

பொறுப்பாளர் நாற்பத்தைந்து வயதுப் பெண்மணி. கண்ணாடியைத் தலைமேல் ஏற்றிவிட்டு அதையே தேடுகிறவர். "வெள்ளைத் தட்டுல வெள்ளைச் சோறு போட்டா அவங்க கண்ணுக்குச் சாப்பாடே தெரியாதும்மா. சிவப்புன்னா தெரியும். அதான்."

"எனக்கும் கண்ணு தெரியல. கேட்டரேக்ட் இருக்கு."

"உங்களுக்கு ஆபரேஷன் பண்ணியாச்சே."

"பண்ணா? திரும்ப வராதா?"

பிறகு பட்டியல் வளர்ந்தது. முன்பக்கத்தில் கட்டில் ஓரம் ஒரு கயிறு தொங்கும். இழுத்தால் மணி அடிக்கும், யாராவது வருவார்கள். குளிக்கக் கை கொடுப்பார்கள், மாத்திரையை உள்ளங்கையில் வைப்பார்கள், போய்விடுவார்கள். அறைச் சாவி அவரவர் இடுப்பில். கையெழுத்துப் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குக்கூடப் போய் வரலாம். பின்பக்கத்தில் கயிறே கிடையாது. மணி அடிக்க வேண்டும் என்பது ஞாபகமிருந்தால் அவர்கள் ஏன் அங்கே இருக்கப்போகிறார்கள்? அதனால் மணி அடிக்காமலே ஆள் வருவார்கள். தாகம் எடுக்கும் முன் தண்ணீர், குளிரும் முன் போர்வை. தாழ்வாரம்கூட வட்டமாகக் கட்டியிருக்கிறார்கள். எவ்வளவு நடந்தாலும் சுவரில் முட்டாமல் புறப்பட்ட இடத்துக்கே கொண்டுவந்து விடும். வாசலில் எண் பூட்டு. உள்ளே இருப்பவர்கள் தனியாக வெளியே வர முடியாது என்பதற்காக வைத்தது. பிரேக்கம்மாவின் கண்ணில் அது வேறு மாதிரி தெரிந்தது: கண்டவர்கள் உள்ளே வர முடியாதபடி அவளுக்குக் காவல்.

"நாங்க கேட்டு வாங்கணும். அவளுக்குக் கேக்காமலே கிடைக்குது," என்றார் பல் டாக்டரிடம். "சின்ன வயசுலேயும் இதே கதைதான்."

"பாவம், அவங்களுக்கு ஒண்ணும் தெரியலையேம்மா."

"அதையும்தான் சொல்றேன். என்னைவிட நாலு வயசு சின்னவ. வரிசைப்படி பாத்தா எனக்குத்தானே முதல்ல மறக்கணும்?"

பல் டாக்டர் சூப்பைக் குடிக்க ஆரம்பித்தார். பதில் இல்லாத கேள்விகளுக்கு அவர் வைத்திருக்கும் மருந்து அதுதான்.

முந்திக்கொண்டாள் என்பதுதான் உள்ளபடியே குத்தியது. ஏனென்றால் சின்னவள் பிறந்ததிலிருந்து எதிலும் முந்தியவள் அல்ல. அக்காவைப் பார்த்துத்தான் செய்வாள். அக்கா நீலச் சட்டை தைத்துக்கொண்டால் அடுத்த வாரம் தங்கைக்கும் நீலம். அக்கா முடியைக் கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டு வந்தால் மறுநாள் வீட்டில் இரண்டு கழுத்துகள் தெரியும். அக்காவுக்குக் காய்ச்சல் வந்தால் தங்கை நெற்றியைத் தொட்டுப் பார்த்துக்கொண்டே பக்கத்தில் படுப்பாள். அக்கா டிரைவிங் ஸ்கூலில் சேர்ந்தார்; கொஞ்ச நாளில் அடுத்த காரின் பிரேக்கில் தங்கையின் கால். தங்கை சொந்தமாக எடுத்த ஒரே முடிவு கல்யாணம் வேண்டாம் என்பது. அதுகூட அக்காவின் கல்யாணத்தைக் கிட்ட இருந்து பார்த்துத்தான் எடுத்தாள் என்று டிரைவிங் ஸ்கூலில் பேசிக்கொள்வார்கள்.

பிரேக்கம்மா இதற்காகப் பெருமைப்பட்டதே இல்லை. வாழ்நாள் முழுக்கக் குறைதான் பட்டார். "நிழல் மாதிரி ஒட்டிக்கிறா. எனக்குன்னு ஒண்ணு வச்சுக்க விடமாட்டேங்கிறா." உச்சகட்டமாக ஒருநாள், தங்கை தன்னிடம் கற்றுக்கொள்ள வந்த ஒரு பயந்தாங்கொள்ளியிடம், "பயப்படாதீங்க, பிரேக் என்கிட்ட இருக்கு," என்று சொன்னது அக்காவின் காதில் விழுந்துவிட்டது. அந்த வாக்கியம் இவருடையது. நகையைத் திருடியிருந்தால்கூட மன்னித்திருப்பார். நாலு நாள் பேச்சுவார்த்தை இல்லை. ஐந்தாம் நாள் தங்கையும் கோபித்துக்கொண்டு பேசாமல் இருந்தாள், அக்காவைப் பார்த்துத்தான்.

பின்பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. பணிப்பெண்கள் ஓரமாக நின்று பரிமாறிவிட்டுப் போகக் கூடாது. அதே மேசையில் உட்கார்ந்து, அதே சாப்பாட்டை, அதே சிவப்புத் தட்டில் சாப்பிட வேண்டும். தட்டு முன்னால் இருந்தாலும் அடுத்து என்ன செய்வது என்பது அங்கே பலருக்குப் பிடிபடாது. ஸ்பூனைக் கையில் எடுத்து, இது எதற்கு என்று திருப்பித் திருப்பிப் பார்ப்பார்கள். எதிரே ஒருவர் ஸ்பூனை வாய்க்குக் கொண்டுபோனால் இவர்கள் கையும் தன்னால் போகும். அந்த எதிரே இருக்கும் ஒருவராக இருப்பதுதான் உத்தியோகம்.

சின்னவளின் மேசைக்கு வாய்த்த பணிப்பெண் நாற்பது வயதுக்காரி. உருண்ட தோள், உரத்த சிரிப்பு, நல்ல பசி. "ரெண்டு ஷிஃப்ட் பாத்தா நாலு தடவை சாப்பிடணும் பெரியம்மா. வீட்டுக்குப் போனா தண்ணிகூட இறங்க மாட்டேங்குது," என்பாள். சாப்பிடுவதற்குச் சம்பளம் கொடுக்கும் உலகத்தின் ஒரே இடம் இது என்று பிரேக்கம்மா முன்பக்கம் முழுக்கச் சொல்லி வைத்தார்.

அவர் முதல் தடவை மதியச் சாப்பாட்டு நேரத்தில் அங்கே போனபோது மேசையில் ஆறேழு பேர். நடுவில் மஞ்சள் நிறத்தில் உயரமான ஒரு தண்ணீர் ஜக். பணிப்பெண் ஸ்பூனை எடுத்தாள், சின்னவள் எடுத்தாள். பணிப்பெண் சூப்பை ஊதினாள். சின்னவளும் உதட்டைக் குவித்து ஊதினாள். பணிப்பெண் ரொட்டியைப் பிய்த்து நனைத்தாள், சின்னவளும் அப்படியே. பிரேக்கம்மா ஜன்னலோர நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். அந்த ஊதலை அவருக்குத் தெரியும். அது எழுபது வருஷத்துப் பழைய ஊதல். முன்பெல்லாம் அது இவர் உதட்டைப் பார்த்து ஊதப்பட்டது.

சின்னவள் நிமிர்ந்து ஜன்னல் பக்கம் கையைக் காட்டினாள். "அக்கா, இவங்க யாரு?"

கேட்டது பணிப்பெண்ணிடம்.

பிரேக்கம்மாவின் கால் தரையில் விழுந்த சத்தத்தில் ஜன்னல் கண்ணாடி அதிர்ந்தது. எழுந்து மேசைக்கு வந்துவிட்டார். "யாருடி அக்கா? நான்டி அக்கா. இது இங்க வேலை பாக்குற பொண்ணு."

சின்னவள் பயந்துபோய்ப் பணிப்பெண்ணைப் பார்த்தாள். பணிப்பெண், "நான் இங்கதான் இருக்கேன். நீங்க சாப்பிடுங்க," என்றாள்.

"இங்கதான் இருக்கேன்னா என்ன அர்த்தம்? 'நான் உங்க அக்கா இல்லை'ன்னு அவகிட்ட சொல்லு."

"பெரியம்மா, சாப்பாட்டு நேரம். அப்புறம் பேசிக்கலாமே."

"அதெப்படி? அக்கான்னு கூப்பிட்டா என்னன்னு கேட்டுக்குவியா?"

சின்னவளின் கண் நிறைந்துவிட்டது. "எங்க அக்காவை ஏன் திட்டுறீங்க?" என்று ஸ்பூனைக் கீழே வைத்தாள். அவள் வைத்ததைப் பார்த்து எதிரே இருந்த பழைய மளிகைக்கடைக்காரர் வைத்தார். அவரைப் பார்த்து அவருக்குப் பக்கத்தில் இருந்தவர். ஒவ்வொன்றாக மேசை முழுக்க ஸ்பூன்கள் கவிழ்ந்தன. பணிப்பெண் மட்டும் தனியாக, மிகைப்படுத்தி, ருசித்து ருசித்துச் சாப்பிட்டுக் காட்டினாள். ஒருவரும் அசையவில்லை. சூப் ஆறிப்போய் ஆடை கட்டியது.

பொறுப்பாளர் பிரேக்கம்மாவை அறைக்கு அழைத்து நாற்காலி போட்டு உட்கார வைத்தார். "முன்பக்கத்துல ஒருத்தர் தப்பா சொன்னா நீங்க திருத்தலாம்மா. அவங்களும், அட ஆமால்லன்னுட்டுப் போயிடுவாங்க. பின்பக்கத்துல திருத்தினா பயந்துடுவாங்க. தரையையே உருவிட்ட மாதிரி ஆயிடும்."

"அதுக்குன்னு பொய் சொல்லணுமா?"

"பொய் சொல்ல வேண்டாம். உண்மையைப் பிடிச்சுத் திணிக்காம இருந்தா போதும். கொஞ்ச நாளைக்குச் சாப்பாட்டு நேரத்துல மட்டும் வராதீங்க. சாயங்காலம் வாங்க."

சாயங்காலம் சின்னவள் வட்டத் தாழ்வாரத்தில் யாரையோ தேடிச் சுற்றுகிற நேரம். கூடவே நடந்து, "யாரைத் தேடுற?" என்று கேட்டால், "அக்காவை," என்பாள். "அக்கா வந்துடுவாங்களா, மேடம்?" என்று இவரிடமே கேட்பாள். இடுப்பு வலியோடு இரண்டு சுற்று நடந்துவிட்டு மேடம் முன்பக்கத்துக்குத் திரும்புவார்.

இதில் உறவுமுறைக் கணக்கு வேறு இடித்தது. பணிப்பெண் இவரைப் பெரியம்மா என்கிறாள். சின்னவள் பணிப்பெண்ணை அக்கா என்கிறாள். அப்படியானால் இவர் சின்னவளுக்கும் பெரியம்மா ஆகிறார். கேட்காமல் ஒரு தலைமுறை பதவி உயர்வு. பிரேக்கம்மாவுக்கு வேண்டியது உயர்வல்ல, பழைய பதவி. நாலு வயதில், சின்னவள் பிறந்ததும், கையில் கொடுக்கப்பட்ட முதல் பதவி. மனைவிப் பதவி புருஷனோடு போயிற்று, டீச்சர் பதவி வயசோடு போயிற்று, அம்மாப் பதவி ஞாயிற்றுக்கிழமை போனில் கொஞ்ச நேரம் வந்து போகிறது. மீதியிருந்த ஒன்றை நேற்று வந்த ஒருத்தி, அதுவும் சாப்பிட்டே சம்பாதித்துவிட்டாள்.

மதியத்தில் அவர் பின்பக்கக் கதவின் வட்டக் கண்ணாடி வழியாகப் பார்ப்பதை எல்லோரும் பார்த்தார்கள். உள்ளே ஸ்பூன் ஏறும்போதெல்லாம் வெளியே தரை மிதிபடும்.

அப்போதுதான் அவர் அந்த முடிவுக்கு வந்தார். பார்வையாளராகப் போனால்தானே தடை? குடியிருக்கவே போய்விட்டால்?

மறுநாள் காலை பொது அறை ஃபிரிட்ஜில் பிரேக்கம்மாவின் செருப்பு இருந்தது. ஜோடியாக, நேராக, சுத்தமான பையில் சுற்றி. பல் டாக்டரைப் பார்த்து, "நீங்க யாரு தம்பி?" என்றார். எண்பத்தோரு வயதுத் தம்பி அன்று முழுக்கச் சந்தோஷமாக இருந்தார். இன்று என்ன கிழமை என்று பிரேக்கம்மா காலையில் கேட்டார், மத்தியானம் கேட்டார். சாயங்காலம் கேட்கத்தான் மறந்துவிட்டார். படுக்கப் போகும்போது ஞாபகம் வந்து, கயிற்றை இழுத்து மணி அடித்து, ஆளை வரவழைத்துக் கேட்டார்.

பொறுப்பாளர் டாக்டரை வரச் சொன்னார். டாக்டர் இளம்பெண் அல்ல, கிழவியும் அல்ல, அவசரப்படாத ஆள். தேதி கேட்டார். பிரேக்கம்மா யோசிக்காமல் தப்பாகச் சொன்னார். மாதம் கேட்டார். அதுவும் தப்பு. ஒரு கடிகாரம் வரையச் சொன்னார். வட்டமும் எண்களும் அச்சடித்த மாதிரி வந்தன; முள்ளை மட்டும் வட்டத்துக்கு வெளியே வரைந்துவிட்டு டாக்டரின் முகத்தைப் பார்த்தார். மூன்று வார்த்தைகளைச் சொல்லி ஞாபகம் வைத்துக்கொள்ளச் சொல்லியிருந்தார் டாக்டர். கடைசியில் கேட்டபோது பிரேக்கம்மா கூரையைப் பார்த்தார், ஜன்னலைப் பார்த்தார், பெருமூச்சு விட்டார்.

"ஒண்ணுகூட வரலை டாக்டர். எல்லாம் போச்சு."

"பரவாயில்லைம்மா," என்று டாக்டர் பேனாவை மூடினார். "நான் சொன்னது சாவி, குடை, வாத்து."

"வாத்து இல்லை, கொக்கு," என்றார் பிரேக்கம்மா.

மேசைக்கடியில் ஒரு மிதி கேட்டது. தாமதமான பிரேக்.

"நிஜமா மறதி இருக்கிறவங்க அதை ஒளிச்சு வைப்பாங்கம்மா," என்றார் டாக்டர். "தேதி கேட்டா, 'இன்னும் பேப்பர் பாக்கலை'ம்பாங்க. செருப்பு ஃபிரிட்ஜில இருந்தா, 'யாரோ வச்சிருக்காங்க'ன்னு சண்டைக்கு வருவாங்க. நீங்க கடை விரிச்சு வச்சிருக்கீங்க."

சின்னவள் அப்படித்தான் செய்தாள் என்பது பிரேக்கம்மாவுக்கு அப்போது ஞாபகம் வந்தது. வீட்டில் இருந்தபோது, பெயர் மறந்த பக்கத்து வீட்டுக்காரியை "வாங்க வாங்க, ஆளே மாறிட்டீங்க," என்று சமாளித்ததும், அடுப்பை அணைக்க மறந்துவிட்டு, "நான்தான் வேணும்னு வச்சேன்," என்று சாதித்ததும். எதிலும் அக்காவைப் பார்த்துச் செய்தவள் அதை மட்டும் தனியாக, யாருக்கும் காட்டாமல், தானே செய்திருக்கிறாள். பக்கத்து இருக்கையிலேயே உட்கார்ந்திருந்தும் இவருக்குத் தெரியவில்லை.

"அவ என்னை மேடம்ங்கிறா," என்றார் பிரேக்கம்மா, கடிகாரப் படத்தைப் பார்த்துக்கொண்டு. "யாரோ ஒருத்தியை அக்காங்கிறா. அவ சாப்பிடுறதைப் பாத்துச் சாப்பிடுறா. என்னைப் பாத்துத்தான் சாப்பிடுவா. எப்பவும் அப்படித்தான்."

பொறுப்பாளர் தலைமேல் இருந்த கண்ணாடியை இறக்கித் துடைத்தார்.

"நீங்க அங்க குடிபோக வேண்டாம்மா. உங்களுக்கு அங்க ஒரு வாரத்துல பைத்தியம் பிடிச்சுடும். மதியச் சாப்பாட்டை மட்டும் அங்க வச்சுக்குங்க. மேசையிலேயே உக்காருங்க. ஒரே ஒரு நிபந்தனை. திருத்தக் கூடாது."

"ஒண்ணுமேவா?"

"ஒண்ணுமே."

முப்பது வருஷம் பிரேக் பிடித்தவரிடம் பிரேக்கைக் கழற்றிக் கொடுத்துவிட்டு வரச் சொன்னார்கள். பிரேக்கம்மா அன்று இரவு முழுக்க யோசித்திருக்க வேண்டும். காலையில் பல் டாக்டரிடம், "இன்னைக்கு மத்தியானம் நான் இங்க சாப்பிடலை. என் பங்கு ரொட்டியைக் கொட்டிடப் போறாங்க, நீங்க எடுத்துக்குங்க," என்றார். இவ்வளவு தாராளமாக அவர் இருந்து யாரும் பார்த்ததில்லை.

மதியம் நல்ல புடவை, வாரிய தலை. சின்னவளுக்குப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தார். பக்கத்து இருக்கை அவருக்குப் புதிதல்ல. எதிரே பணிப்பெண், நடுவில் மஞ்சள் ஜக். சிவப்புத் தட்டு இவருக்கும் வந்தது. எவ்வளவு நாள் ஆசைப்பட்ட தட்டு, திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. இரண்டு பாதங்களையும் ஒன்றன்மேல் ஒன்றாகப் பின்னி நாற்காலிக்கடியில் அழுத்தி வைத்திருந்தார்.

சின்னவள் அவரை மேலும் கீழும் பார்த்தாள். பிறகு எதிரே பார்த்தாள். "அக்கா, இவங்க யாரு?"

பணிப்பெண் ஸ்பூனை எடுக்காமல் பிரேக்கம்மாவைப் பார்த்தாள். மளிகைக்கடைக்காரரும் பார்த்தார். கதவோரம் பொறுப்பாளர், எதையோ தேடுகிற மாதிரி நின்றுகொண்டிருந்தார்.

'நான்டி அக்கா' தொண்டை வரை வந்துவிட்டது. பிரேக்கம்மா ஒரு வாய் தண்ணீர் குடித்து அதைத் திரும்ப உள்ளே அனுப்பினார்.

"நான் புதுசு," என்றார்.

"புதுசா?" சின்னவள் திரும்பி உட்கார்ந்தாள். "கத்துக்க வந்தீங்களா?"

பிரேக்கம்மா தட்டைப் பார்த்தார். தன்னைவிட நாலு வயது சிறியவளிடம், தான் கிளட்ச் சொல்லிக்கொடுத்தவளிடம் கற்றுக்கொள்வதா?

"ஆமா. கத்துக்கத்தான் வந்தேன்."

"முன்னப் பின்ன ஓட்டியிருக்கீங்களா?"

முப்பது வருஷம் மேசைமேல் வந்து நின்றது. பின்னிய பாதங்களில் மேலே இருந்தது கீழே இருந்ததை நசுக்கியது.

"இல்லைங்க."

"கை நடுங்குதே உங்களுக்கு." சின்னவளின் முதுகு மெதுவாக நிமிர்ந்தது. முகத்தில் இத்தனை நாள் காணாமல் போயிருந்த ஒரு கண்டிப்பு வந்து உட்கார்ந்தது. வேன் டிரைவர் பார்த்து வண்டியை எடுத்த முகம் இதுவாகத்தான் இருக்கும். "எல்லாருக்கும் முதல்ல நடுங்கும். பயப்படாதீங்க, பிரேக் என்கிட்ட இருக்கு. என்னைப் பாத்து, நான் செய்யற மாதிரியே செய்யுங்க."

எதிரே பணிப்பெண்ணின் ஸ்பூன் இன்னும் தட்டிலேயே கிடந்தது. சின்னவள் அந்தப் பக்கம் பார்க்கவில்லை. தன் ஸ்பூனைத் தானே எடுத்தாள். கொஞ்சம் தப்பாகத்தான் பிடித்திருந்தாள், கிட்டத்தட்டத் தலைகீழாக. சூப்பில் முக்கினாள். உதட்டைக் குவித்து ஊதினாள். ஊதிவிட்டு, மாணவி கவனிக்கிறாளா என்று கடைக்கண்ணால் பார்த்தாள்.

பிரேக்கம்மா ஸ்பூனைத் தலைகீழாகப் பிடித்தார். முக்கினார். ஊதினார்.

"அப்படித்தான். மெதுவா," என்றாள் சின்னவள். மளிகைக்கடைக்காரர் ஸ்பூனை எடுத்தார். அவருக்குப் பக்கத்தில் இருந்தவர் எடுத்தார். மேசை கிளம்பியது. கடைசியாகப் பணிப்பெண் எடுத்தாள், சிரிப்பை அடக்கிக்கொண்டு. எடுத்த வேகத்தில் சின்னவளின் பார்வை பழக்கதோஷத்தில் மெல்ல எதிர்ப்பக்கம் திரும்பத் தொடங்கியது.

பிரேக்கம்மா சூப்பை ஊதிக்கொண்டே, இடது கையை நீட்டி, அந்த உயரமான மஞ்சள் ஜக்கைச் சத்தமில்லாமல் நகர்த்தி, சின்னவளுக்கும் பணிப்பெண்ணுக்கும் நடுவில் நேராக வைத்தார்.